சரக்குக்குக் காப்பீடு உண்டு, நாளுக்குக் கிடையாது

2023 நவம்பர் 19 அன்று, துருக்கியிலிருந்து குஜராத்தின் பிபாவாவ் துறைமுகத்துக்கு வந்துகொண்டிருந்த கேலக்ஸி லீடர் என்ற கார் ஏற்றும் கப்பலில், ஏமனின் ஹூதி படையினர் ஹெலிகாப்டரில் வந்து இறங்கினார்கள். மாலுமிகள் 25 பேரும் விடுதலையாக 2025 ஜனவரி ஆயிற்று. கப்பல் பிடிபட்ட நாலாவது வாரமே பெரிய கண்டெய்னர் கம்பெனிகள் செங்கடலை விட்டுவிட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றக் கிளம்பின. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று பழைய வடாற்காட்டின் தோல் ஊர்கள் எல்லாவற்றிலும் அதற்குப் பிறகு ஒரே கேள்விதான்: பெட்டி எங்கே?

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித் தேடி ஏற்றுமதிக் காகிதம் பார்ப்பவர்கள் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறோம். பெரிய கம்பெனிக்கு வக்கீல் உண்டு, சட்டப்பிரிவு உண்டு. மாதம் இரண்டு பெட்டி, நாலு பெட்டி அனுப்புகிறவர்களுக்காக எழுதியது இது.

போர் எப்போது முடியும் என்று, கப்பலில் இடம் பிடித்துத் தரும் ஃபார்வர்டரிடம் கேட்டுப் பயனில்லை. அவருக்கும் தெரியாது. ஆனால் சண்டை ஏன் வந்தது, யார் அதற்குச் சோறு போடுகிறார்கள் என்று பார்த்தால், ஒரு மாதமா ஒரு வருடமா என்பதையாவது ஓரளவு கணிக்கலாம்.

ஏமனை எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கே சாதா மலைப்பகுதியில் தொடங்கிய ஹூதி இயக்கத்துக்கும் அரசுக்கும் 2004 முதல் 2010 வரை ஆறு சுற்றுச் சண்டை நடந்தது. இதை ஷியா – சன்னி சண்டை என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அவர்களோடு ஆறு முறை போரிட்ட அதிபர் சாலே, பதவி இழந்த பிறகு அவர்களோடேயே கூட்டுச் சேர்ந்தார். கடைசியில் 2017 டிசம்பரில் அவர்கள் கையாலேயே செத்தார். மதம் மட்டும் காரணமாக இருந்தால் இந்தக் கூட்டு நடந்திருக்காது. 2014 ஜூலையில் அரசு எரிபொருள் மானியத்தை வெட்டியது. பெட்ரோல், டீசல் விலை ஏறியது. அந்தக் கோபத்தைக் கையில் எடுத்துக்கொண்டு செப்டம்பரில் ஹூதிகள் தலைநகர் சனாவைப் பிடித்தார்கள். 2015 மார்ச்சில் சவூதி தலைமையிலான கூட்டணி விமானத் தாக்குதலைத் தொடங்கியது. நாட்டுக்குள் நடந்த சண்டை அன்றே எல்லை தாண்டிவிட்டது.

அதன்பின் அது நிற்காததற்கு மூன்று வரவுகள் காரணம். ஒன்று, ஈரானிலிருந்து ஏவுகணை, ட்ரோன் பாகங்கள். பாய்மரப் படகிலும் தரைவழியாகவும் துண்டு துண்டாக வந்து உள்ளே கோக்கப்படுகிறவை. இரண்டு, ஹொதெய்தா துறைமுகத்தின் வரி. ஏமனுக்கு உணவு இறங்கும் முக்கியத் துறைமுகம் அது. சாப்பாட்டுக் கப்பல் வந்தால் வரி, எரிபொருள் கப்பல் வந்தால் வரி. மூன்றாவது பணமல்ல, பெயர். 2016 செப்டம்பரில் மத்திய வங்கி சனாவிலிருந்து ஏடனுக்கு மாற்றப்பட்ட பிறகு, ஹூதி பகுதியில் அரசு ஊழியர்களுக்குச் சம்பளம் ஒழுங்காக வரவில்லை. மக்களிடம் முணுமுணுப்பு இருந்தது. 2023 அக்டோபரில் காஸா போர் தொடங்கியதும், பாலஸ்தீனத்துக்காகக் கப்பலை மறிக்கிறோம் என்று சொன்னவர்களுக்கு அந்த முணுமுணுப்பை அடக்கும் மரியாதை கிடைத்தது. ஓர் ஊர்ப் போர் இன்னோர் ஊர்ப் போருக்கு எண்ணெய் ஊற்றுவது இப்படித்தான்.

இடமும் கைகொடுத்தது. செங்கடலின் வாசலான பாப் அல்மண்டப் நீரிணை ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலம்தான். ஆம்பூரிலிருந்து குடியாத்தம் போகும் தூரம் என்று வைத்துக்கொள்ளலாம். சில பத்தாயிரம் டாலர் ட்ரோனை வீழ்த்த, போர்க்கப்பலிலிருந்து இருபது லட்சம் டாலர் ஏவுகணை கிளம்ப வேண்டியிருந்தது. இந்த விலைக்கணக்கு மாறாதவரை அடிக்கிறவன் களைக்கமாட்டான் என்பதை அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

இன்னொரு பக்கமும் திறந்துகொண்டது. போர்க்கப்பல்களின் கவனம் செங்கடலுக்குப் போனதும், வருடக்கணக்காக அடங்கியிருந்த சோமாலியக் கடற்கொள்ளை மறுபடி தலைதூக்கியது. 2023 டிசம்பர் 14 அன்று கடத்தப்பட்ட ரூயன் கப்பலை 2024 மார்ச்சில் இந்தியக் கடற்படைதான் மீட்டது. 35 கொள்ளையர் சரணடைந்தார்கள். ஒரு கரையில் சண்டை மூண்டால் எதிர்க்கரையில் இருப்பவனுக்கும் துணிச்சல் வருகிறது. காங்கோவின் கிழக்கில் இதே அச்சுதான்: 2025 ஜனவரியில் கோமா நகரைப் பிடித்த எம்23 குழுவுக்கு ருவாண்டா துணை நிற்கிறது என்று ஐ.நா. நிபுணர் குழு திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறது. நடுவில் கனிமச் சுரங்கம். எல்லைக்கு அப்பால் ஆயுதம், எல்லைக்கு உள்ளே வரி, அண்டை நாட்டுக்கு ஆதாயம் – மூன்றும் சேர்ந்த இடத்தில் இரண்டு மாதத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று யார் சொன்னாலும் ஆர்டர் எடுக்காதீர்கள்.

இனி நம் கணக்கு.

நன்னம்பிக்கை முனையைச் சுற்றினால் ஐரோப்பாவுக்குச் சுமார் 10 முதல் 14 நாள் கூடுதல். எல்லோர் கண்ணுக்கும் முதலில் படுவது பெட்டிக் கட்டணம். அது ஏறும், இறங்கும். கண்ணில் படாதது கடலில் மிதக்கும் முதலீடு. மாதம் நாலு பெட்டி, ஒரு பெட்டி ஒரு கோடி ரூபாய் மதிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பயணம் 30 நாளாக இருந்தபோது கடலில் எப்போதும் நாலு பெட்டி இருக்கும். 44 நாளானால் கிட்டத்தட்ட ஆறு. வழி மாறியிருக்கும் காலம் முழுக்க ஏறக்குறைய 1 கோடியே 87 லட்சம் கூடுதலாக மாட்டிக்கொண்டிருக்கும். 9 சதவீத வட்டிக்கு வருடம் 16 லட்சத்து 80 ஆயிரம். இந்தச் செலவு எந்த இன்வாய்ஸிலும் தனி வரியாக வராது. பேக்கிங் கிரெடிட் (ஏற்றுமதிக்கு முன் வங்கி தரும் கடன்) வரம்பு நிரம்பி, அடுத்த ஆர்டருக்குத் தோல் வாங்கப் பணமில்லாமல் நிற்கும்போதுதான் தெரியும். வழி மாறுகிறது என்ற செய்தி வந்த வாரமே வங்கிக்குப் போய் வரம்பை உயர்த்தக் கேளுங்கள். வரம்பு முட்டிய பிறகு கேட்டால் வங்கி உங்களையே சந்தேகமாகப் பார்க்கும்.

பணம் வரும் தேதியையும் பாருங்கள். 60 நாள் கடன் என்று மட்டும் எழுதினால் போதாது, எந்த நாளிலிருந்து 60 என்று எழுத வேண்டும். பி.எல். (சரக்கு ஏற்றியதற்குக் கப்பல் கம்பெனி தரும் ரசீது) தேதியிலிருந்து என்றால் கூடுதல் நாளைப் பையர் சுமக்கிறார். சரக்கு கிடங்குக்கு வந்த நாளிலிருந்து என்றால் நீங்கள் சுமக்கிறீர்கள். ஒரே ஒரு சொல், இரண்டு வாரப் பணம்.

காப்பீட்டில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். எல்லா ஆபத்தும் அடங்கும் ஆல் ரிஸ்க் எடுத்திருக்கிறோம் என்று நிம்மதியாக இருப்பார்கள். ஆல் ரிஸ்க் என்பது சரக்குக் காப்பீட்டின் 'ஏ' விதிகள், அதில் போர் சேராது. அதற்குத் தனியாக வார் கிளாஸ் என்ற போர்ப் பாதுகாப்பு வாங்க வேண்டும்; கலவரம், வேலைநிறுத்தத்துக்கு இன்னொன்று. இதுவாவது பலருக்குத் தெரியும். கவனிக்காமல் விடும் இடங்கள் வேறு.

வார் கிளாஸ் கப்பல்மேல் சரக்கு இருக்கும்போது மட்டும்தான் செல்லும். வாலாஜா டோல்கேட் தாண்டி லாரியில் போகும்போதோ, துறைமுக யார்டில் நிற்கும்போதோ செல்லாது. ஒரு விலக்கு உண்டு: கொழும்பு மாதிரி நடுத்துறைமுகத்தில் இறக்கி வேறு கப்பலில் ஏற்றினால், முதல் கப்பல் அங்கே சேர்ந்த நாளிலிருந்து 15 நாள் வரைதான் பாதுகாப்பு. பதினாறாவது நாள் அது அறுந்துபோகும். அடுத்த கப்பலில் ஏற்றிய பிறகுதான் மறுபடி ஒட்டும். 2024-இல் கொழும்பிலும் சிங்கப்பூரிலும் பெட்டிகள் குவிந்து நெரிசல் ஆனபோது இந்த இடைவெளி ஏட்டளவில் இல்லாமல் நிஜமாகவே வந்தது. ஆகவே ஃபார்வர்டரிடம் அங்கே எத்தனை நாள் நிற்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்கி, அந்தத் தாளைக் காப்பீட்டு ஏஜெண்டுக்கு அனுப்புங்கள். இன்னொன்று: ஓப்பன் கவரில் (அனுப்பும் எல்லாச் சரக்குக்கும் சேர்த்து எடுக்கும் தொடர் பாலிசி) போர்ப் பாதுகாப்பை 7 நாள் நோட்டீஸில் ரத்து செய்யும் உரிமை காப்பீட்டுக் கம்பெனிக்கு உண்டு. ஏற்கெனவே கப்பலேறிய சரக்குக்கு அது பொருந்தாது, ஏற்றப்போகும் சரக்குக்குப் பொருந்தும். அந்த மெயில் ஸ்பேம் பெட்டியில் கிடந்தால் உங்கள் அடுத்த பெட்டி வெறும் உடம்போடு கடலில் போகும்.

அடுத்தது ஜெனரல் ஆவரேஜ். கப்பலையும் சரக்கையும் காப்பாற்றச் செய்த செலவைக் கப்பல்காரரும் சரக்குக்காரர்களும் மதிப்புக்குத் தக்கபடி பகிர்வது. கப்பலும் சரக்கும் சேர்ந்து 500 கோடி, காப்பாற்றிய செலவு 5 கோடி என்றால், ஒரு கோடி பெட்டிக்காரர் ஒரு லட்சம் கட்ட வேண்டும். பெட்டிக்கு ஒரு கீறல்கூட விழாமல் இருக்கலாம், ஆனாலும் கட்டினால்தான் சரக்கை விடுவார்கள். காப்பீடு இருந்தால் கம்பெனி உத்தரவாதம் தரும். ஆனால் அந்தச் செலவு ஏவுகணை பட்டதால் வந்தது என்றால், வார் கிளாஸ் இல்லாத சாதாரணப் பாலிசி கைவிரித்துவிடும். பிரீமியத்தில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கப் போய் இதில் மாட்டாதீர்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரிது இது: காலதாமதத்தால் வரும் எந்த நஷ்டத்துக்கும் இழப்பீடு இல்லை. காப்பீடு செய்த ஆபத்தால் வந்த தாமதமாக இருந்தாலும் இல்லை. கப்பல் வழி மாறினாலும் பாலிசி உயிரோடு இருக்கும், ஆனால் சீசன் தவறியதற்கு, பையர் பிடித்த தள்ளுபடிக்கு, தாமதத்தால் வந்த பூஞ்சைக்கு ஒரு பைசா வராது. போர் நம்மிடமிருந்து அதிகம் பறிப்பது எதுவோ அதை மட்டும் தாளிலிருந்து எடுத்துவிட்டு மிச்சத்துக்கு வாங்கும் பாதுகாப்பு அது. பிரீமியம் கட்டுகிறவர்களிடம் இதை யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை என்பது எங்களுக்குப் பெரிய வருத்தம்.

பூஞ்சையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குளிர்கால பூட்ஸ் ஜூன், ஜூலையில் கிளம்பும். ராணிப்பேட்டை வெக்கையில் கதவு மூடிய பெட்டிக்குள் இருப்பது சூடான, ஈரக் காற்று. அது தென்னாப்பிரிக்கா பக்கம் போகும்போது அங்கே குளிர்காலம். இரும்புக் கூரை சில்லிட்டு, உட்பக்கம் நீர்த்துளி கோத்து, மேல் வரிசை அட்டைப்பெட்டிமேல் சொட்டும். ஐரோப்பாவில் போய்த் திறந்தால் முதலில் தெரிவது வாசனை, அடைத்து வைத்த வீட்டு வாசனை. பிறகு ஷூவின் நாக்குக்கு அடியில், தையல் ஓரத்தில், மாவு தூவியது போல் வெள்ளை. துடைத்தால் போகும், நாலு நாளில் திரும்ப வரும். சூயஸ் வழியில் அப்படிக் குளிரும் இடம் நடுவில் இல்லை, நாளும் குறைவு.

அதனால் 30 நாளுக்குச் சரியாக இருந்த பேக்கிங் 45 நாளுக்குச் சரியாக இருக்காது. லாஸ்டிங் (அச்சில் இழுத்து வடிவம் கொடுப்பது), ஒட்டு வேலை முடிந்த ஷூவை அன்றே டப்பாவில் போடாமல் ஒரு நாள் ராக்கில் ஆறவிடுங்கள். அட்டைப்பெட்டியை ஈரமானியால் குத்திப் பாருங்கள். 12 சதவீதத்துக்கு மேல் காட்டினால் அந்த லாட்டை ஏற்றாதீர்கள். மழை நாளில் லாரி வந்தால் பெட்டியின் மரத்தரையையும் குத்துங்கள், நனைந்த தரையும் தண்ணீரைத் தருகிறது. தொங்கவிடும் ஈர உறிஞ்சிக்கு விற்பவர் ஓர் அட்டவணை தருவார், அதில் நாள் கணக்கு இருக்கும். போன வருடம் போட்ட எண்ணிக்கையையே போடாமல் 50 நாளுக்கான அளவைப் போடுங்கள். வெளியே ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டினால் பெட்டிக்குள் சரக்கு அடுக்கும் ஸ்டஃபிங்கைத் தள்ளி வையுங்கள். பூஞ்சைக்குப் பயந்து, எங்கோ மலிவாகக் கிடைக்கிறது என்று டி.எம்.எஃப். (டைமெத்தில் ஃப்யூமரேட் என்ற பூஞ்சைக்கொல்லி) கலந்த பொட்டலத்தை மட்டும் டப்பாவுக்குள் போட்டுவிடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியம் அதை 2009-இலேயே தடை செய்துவிட்டது. கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் தாண்டினால் மொத்தச் சரக்கும் திரும்பும்.

எல்.சி.யில் (காகிதம் சரியாக இருந்தால் பணம் தருவதாகப் பையரின் வங்கி தரும் உறுதி) வழி மாறியது சிக்கலில்லை. ஏற்றிய தேதிதான் சிக்கல். கப்பல்கள் சுற்றுவழியில் போனால் திரும்பி வரத் தாமதம், அதனால் ஒரு வாரம் சென்னையில் நிற்காமலேயே தாண்டிப் போகும். கடைசி ஏற்றுமதித் தேதிக்கு இரண்டு நாள் முன்பு புக்கிங் போட்டவர் மாட்டுவார். ஆகவே புதிய எல்.சி.யில் அந்தத் தேதிக்கும் உங்கள் ஃபேக்டரி தேதிக்கும் நடுவில் இரண்டு கப்பல் இடைவெளி கேளுங்கள். பகுதி ஏற்றுமதிக்கு அனுமதி எழுதி வாங்குங்கள். ஆயிரம் ஜோடி தயாரென்றால் அதையாவது ஏற்றலாம். போர் வந்தால் வங்கி பொறுத்துக்கொள்ளும் என்று நினைப்பதும் தப்பு. போரால் வங்கி மூடியிருந்த நாட்களில் காலாவதியான எல்.சி.க்குத் திறந்த பிறகு பணம் தரமாட்டோம் என்றுதான் எல்.சி.க்கான சர்வதேச விதித்தொகுப்பான யு.சி.பி. 600-இன் 36-ஆவது விதி சொல்கிறது.

நேரம் தவறினால் பையர் கேட்பது விமானம். அந்தக் கணக்கை ஆர்டர் எடுக்கும்போதே போட்டு வையுங்கள். 33க்கு 20க்கு 12 சென்டிமீட்டர் டப்பா, 6000-ஆல் வகுத்தால் 1.32 கிலோ, உண்மை எடை ஒரு கிலோதான் என்றாலும் விமானக்காரர் 1.32-க்குத்தான் வாங்குவார். கிலோ 250 ரூபாய் என்றால் ஜோடிக்கு 330. உங்கள் லாபம் அதில் பாதிகூட இருக்காது. ஃபேக்டரியிலிருந்து கிளம்பும் தேதிக்கு மட்டும்தான் நாங்கள் பொறுப்பு, கப்பல் தாமதத்துக்கு விமானச் செலவு எங்களுடையது அல்ல என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி வேண்டும். பையர் முகம் சுளிப்பார். பாதிப் பாதி என்றாவது எழுதி வாங்கலாம்.

இறக்குமதிப் பக்கம் ஒரே ஒரு எச்சரிக்கை. 2025 மே 2 முதல் பாகிஸ்தானில் உற்பத்தியான எந்தச் சரக்கும் நேராகவோ மூன்றாம் நாடு வழியாகவோ இந்தியாவுக்குள் வரத் தடை. துபாய் வியாபாரியிடம் தோலோ உதிரிப் பொருளோ வாங்கினால் பில்லைப் பார்த்துத் திருப்திப்படாமல் உற்பத்தி நாட்டுச் சான்றைக் கேளுங்கள்.

போர் தணிகிறதா என்று பார்க்க டி.வி. தலைப்புச் செய்தி உதவாது. 2025 மே 6 அன்று ஓமன் நடுவில் நின்று அமெரிக்காவுக்கும் ஹூதிகளுக்கும் சண்டை நிறுத்தம் ஆனது. கப்பல்கள் இனிச் செங்கடலுக்குத் திரும்பிவிடும் என்று நம் ஊரிலும் பேச்சு எழுந்தது. ஜூலை தொடக்கத்தில் மேஜிக் சீஸ், எட்டர்னிட்டி சி என்று இரண்டு கப்பல்களை ஒரே வாரத்தில் மூழ்கடித்தார்கள். அமெரிக்கக் கப்பலைத் தொடமாட்டோம் என்பது மட்டும்தான் அந்த ஒப்பந்தம். மற்றவர்களுக்கு அதில் ஒன்றுமே இல்லை. யாருக்கும் யாருக்கும் ஒப்பந்தம் என்று முதலில் பாருங்கள். பிறகு லண்டன் காப்பீட்டுக்காரர்களின் கூட்டுப் போர்க்குழு வெளியிடும் ஆபத்துப் பகுதிப் பட்டியலைப் பாருங்கள். 2023 டிசம்பர் 18 அன்று செங்கடல் எல்லையை வட அட்சரேகை 15 பாகையிலிருந்து 18 பாகைக்கு நீட்டினார்கள். ஒரு பயணத்துக்குக் கப்பல் மதிப்பில் 0.1 சதவீதம்கூட இல்லாத போர் பிரீமியம், ஒரு சதவீதத்தை நெருங்கியது. அது இறங்காமல் கப்பல் கம்பெனிகள் கூட்டமாகத் திரும்பாது. 1967 ஜூனில் மூடிய சூயஸ் திறக்க 1975 ஜூன் ஆனது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கடைசியாக, ஜாப் ஒர்க் எடுக்கிறவர்களுக்கு. வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் வீட்டு முன்கட்டில் பத்து மிஷின் போட்டு அப்பர் (ஷூவின் மேற்பகுதி) தைத்துத் தருகிறவர்களிடம், பெட்டி போய்ச் சேரவில்லை, பையர் பணம் வரவில்லை, அதனால் உங்களுக்கும் பொறுக்க வேண்டும் என்று சொல்வது செங்கடல் சண்டைக்குப் பிறகு வழக்கமாகிவிட்டது. தைக்கிற பெண்களின் வாரக்கூலி அங்கேதான் நிற்கிறது. உத்யம் என்ற அரசுப் பதிவு இருக்கும் சிறு, குறு நிறுவனம் என்றால், 2006-ஆம் வருடச் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தே இல்லையென்றால் 15 நாள். அந்தச் சட்டத்தில் கப்பல் தாமதம் என்று ஒரு விலக்கு கிடையாது. தாமதமானால் கூட்டு வட்டியும் உண்டு. தவிர, வருமான வரியில் அந்தச் செலவை அந்த வருடக் கணக்கில் கழிக்க முடியாமல் போகும் என்பதால் பெரிய கம்பெனியின் ஆடிட்டருக்கே அது உறுத்தும். பதிவு இலவசம், ஆதாரும் பானும் போதும். பதிவு எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சடித்து, அப்பர் ஒப்படைத்த தேதியைச் சலானில் கையெழுத்தோடு வாங்கி வையுங்கள். 45 நாள் அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும்.